தேர் திரும்பும் முனை

"எந்த ஊரும்மா?" என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் போதாது. ஆட்டோக்காரர் கேட்பார். மலேசியா என்பேன். "அது சரி, சொந்த ஊரு?" என்பார். தைப்பிங் என்பேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, பாவம் இந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை என்று முடிவுகட்டி, "அதில்லம்மா, இங்க எந்தப் பக்கம்?" என்று மூன்றாவது தடவையும் கேட்பார். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தையல்காரர் கேட்பார், தலைவலி மாத்திரை வாங்கப்போனால் மருந்துக்கடைக்காரர் கேட்பார். கல்லூரி மருத்துவமனையில் ஒருநாள் ஒரு பெரியவரின் கடைவாய்ப் பல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் கருவி இருக்கும்போதே "ஹெந்த ஊஹு?" என்றார் மனிதர். பல் போனாலும் போகட்டும், ஊர் தெரிந்தாக வேண்டும்! நம் நாட்டில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. மலேசியாவில் பெயரைப் பார்த்ததும் இந்தியர் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதனால் புதுச்சேரிக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த புதிதில், அடடா, இந்த மக்களுக்குத்தான் நம்மேல் எத்தனை பாசம் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல் ஒரு மடச்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில் விடுதியை இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொல்லி எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வீடு தேட ஆரம்பித்தேன். வெளிநாட்டுப் பிள்ளையைக் குடிவைத்தால் வீட்டுக்காரர் போலீசில் பதிவு செய்ய வேண்டும். பாதிப் பேர் அந்தத் தொல்லைக்குப் பயந்தே கதவைத் திறக்கவில்லை. மீதிப் பேருக்குத் தனியாக ஒரு பெண் என்றதும் முகம் சுருங்கியது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் விசா நீட்டிப்பு இல்லை, விசா இல்லாவிட்டால் படிப்பு இல்லை. அப்பா தைப்பிங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டி என்னைப் படிக்கவைக்கிறார். அவருடைய பல வருட உழைப்பு யாரோ ஒரு வீட்டுக்காரரின் மனசில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வீடு தேடுவது புதிதும் அல்ல. கோலாலம்பூரில் படித்த ஒரு வருடத்தில், அறை இருக்கிறதா என்று போன் செய்தால், "இந்தியனா? சாரி" என்று வைத்துவிடுவார்கள். சிலர் விளம்பரத்திலேயே எழுதிவிடுவார்கள், நமக்குப் போன் காசு மிச்சம். அந்த ஒரு வசனத்தை மட்டும் இந்தியாவில் கேட்கவேண்டியிருக்காது என்று தோழிகளிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

கடைசியில் நெல்லித்தோப்பில் பிலோமின் அம்மாள் வீடு கிடைத்தது. தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்பார்கள். சொல்தா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிரான்சிலிருந்து பென்ஷன் தவறாமல் வருகிறது, அங்கேயே குடியேறிவிட்ட இரண்டு மகன்கள்தான் வருவதில்லை. மதாம் என்னை நாற்காலியில் உட்காரவைத்து விசாரணை நடத்தினார். "வேதக்காரங்களா?" ஆமாம், கத்தோலிக்கர்கள். "அப்பா என்னா பண்றாரு?" சொன்னேன். "ஊரு?" தெரியாது ஆன்ட்டி, கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கப்பல் ஏறிவிட்டார்கள் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்கு, நெற்றி, நிறம், எல்லாவற்றையும் பார்த்தார். "தெரியலைன்னா என்னா, மூஞ்சிலயே எழுதியிருக்கே. நல்ல குடும்பத்துப் புள்ள" என்று அவரே எனக்கு ஒரு குடும்பத்தைத் தேடிக்கொடுத்துவிட்டார். நானும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு பெட்டியை உள்ளே தூக்கிப்போனேன்.

பொய் சொல்லக்கூடாது, அந்த ஒன்றரை வருடம் அவர் என்னை மகளாகத்தான் வைத்திருந்தார். "மா ஃபீய்" என்றுதான் கூப்பிடுவார். என் மகளே என்று அர்த்தம். கல்லூரிப் பேருந்தைவிட்டு இறங்கி வரும்போது, "என்னா மா ஃபீய், இம்மா நேரம்? காப்பி ஆறிப்போச்சு" என்று கேட்டுக் கம்பிக்கதவருகில் நிற்பார். அவருடைய சமையலறையில் நான் நம்மூர்த் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், செய்தேன். நெத்திலிச் சம்பலை அவர் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "ஓ லா லா" என்று கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். "மலேசியாலருந்து வந்துருக்கா, நம்ம ஆளுங்கதான்" என்று எல்லோரிடமும் சொல்வார். அந்த "நம்ம" எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அவருடைய பல்செட் ஈறில் உரசிப் புண்ணாகியிருந்தது. எங்கள் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், பேராசிரியர் மேற்பார்வையில் நானே தேய்த்துச் சரிசெய்தேன். கையுறை போட்ட விரலால் அந்த ஈறை எத்தனை தடவை தடவிப் பார்த்திருப்பேன். வலி தீர்ந்த அன்று என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

ஊர் தெரியாதவளாகவே நான் இருந்திருக்கலாம். கிளம்பும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார்: "படிக்கப் போற, படிச்சிட்டு வா. ஊரைத் தேடிக்கிட்டுத் திரியாதே." செலவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். தைப்பிங்கில் இருக்கும் அத்தைதான், போனில் பேசும்போது பேச்சுவாக்கில் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டார். வரைபடத்தில் பார்த்தால் விழுப்புரம் போகிற வழியில், புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்! சும்மா இருக்க முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பூசை முடிந்து வெளியே வந்த ஒரு பெரியவரிடம் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னேன். மலேயாவுக்குப் போனவரா என்று கேட்டுவிட்டு, சவரி பெரியப்பாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்குப் பேரன், அப்பாவுக்கு அண்ணன் முறை, புதுச்சேரியில் கட்டட வேலை பார்க்கும் கொத்தனார். "மூக்கப் பாரு, அப்படியே நம்ம மூக்கு" என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதார். மதாம் எந்த மூக்கைப் பார்த்து நல்ல குடும்பம் என்றாரோ, அதே மூக்கு. எனக்கு ரத்த சொந்தம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. ஒருநாள் பெரியப்பாவை நேரே வீடியோவில் காட்டி அசத்தலாம் என்று ஆசை.

அடுத்த மாதமே ஊர்த் திருவிழா. விளக்குத் தோரணம், பேண்டு, வாணவேடிக்கை என்று அமர்க்களம். மாதா தேர் பெரிய தெரு வழியாக வந்து, தண்ணீர்த்தொட்டி முனையில் கொஞ்சம் நின்று, அப்படியே திரும்பிவிட்டது. பெரியப்பாவின் தெரு அந்த முனைக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் தெருச் சனமெல்லாம் மெழுகுவர்த்தியோடு முனைக்கு வந்து நின்றார்கள். அங்கிருந்தே தேரின்மேல் உப்பும் மிளகும் பொரியும் தூவினார்கள். நானும் தூவினேன். "ஏன் பெரியம்மா, நம்ம தெருவுக்குள்ள வராதா?" என்று கேட்டேன். "தெரு குறுகலும்மா" என்றார். அன்று பகலில்தான் ஒரு தண்ணீர் லாரி அதே தெருவுக்குள் வந்து சாவகாசமாகப் போனதைப் பார்த்திருந்தேன். லாரியைவிடத் தேர் அகலம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் தைப்பூச ரதம் சீனன் கடை வாசலிலும் நிற்கும், மலாய்க்காரர்களும் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். தேருக்குப் போகக்கூடாத தெரு ஒன்று இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மறுநாள் மாலை, காப்பி குடித்தபடி திருவிழாக் கதையை மதாமிடம் நான் அளந்துகொண்டிருந்தேன். என் சொந்த ஊர் கிடைத்துவிட்டது என்றதும் அவருக்கும் ஒரே உற்சாகம். ஊர்ப்பெயரைக் கேட்டதும், "அட, அங்க நமக்கு நிறையச் சொந்தக்காரங்க இருக்காங்களே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, சாதாரணமாகத்தான், பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே கேட்டார்.

"தேர் எது வரைக்கும் வந்துச்சு?"

"தண்ணித் தொட்டி முனை வரைக்கும் ஆன்ட்டி. நாங்க எல்லாரும் அங்க போய் நின்னு பார்த்தோம்."

"உங்க பெரியப்பா வீடு?"

"முனைக்கு அந்தப் பக்கம்."

பிஸ்கட் ஊறி உடைந்து காப்பிக்குள் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "நல்லாத் தெரியுமா, அந்தப் பக்கமா?" என்றார். நான், வரைந்தே காட்டினேன் ஐயா, வரைந்தே! மேசைமேல் விரலால் பெரிய தெருவைப் போட்டு, முனையைப் போட்டு, முனைக்கு அப்பால் பெரியப்பா வீட்டுக்கு ஒரு புள்ளியும் வைத்தேன். மதாம் எழுந்து பிஸ்கட் டப்பாவை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அப்புறம் மா ஃபீய் என்று அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. வெறும் "ஏம்மா" ஆனேன்.

சண்டை ஒன்றும் போடவில்லை. அவர் பெரிய மனுஷி, மரியாதை தெரிந்தவர். முதலில் என் அறையில் ஒரு மின்சார அடுப்பு வந்து உட்கார்ந்தது. "உனக்கு வசதியா இருக்கட்டும்னு வாங்கினேன். சமையல் ரூம்புல ரெண்டு பேரு இடிச்சிக்க வேணாம் பாரு" என்றார். பிறகு எனக்கென்று ஒரு தண்ணீர்க் குடம் வந்தது. பிறகு ஒருநாள், மாடிக்குப் போகிற வழியில் நான் கண்ணால் பார்த்தது: மாதா உருவம் போட்ட பிளாஸ்டிக் புட்டியிலிருந்து, மகன் எப்போதோ லூர்திலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைச் சமையலறை மூலை மூலையாகத் தெளித்துக்கொண்டிருந்தார். நாசி லெமாக் செய்த சட்டிமேலும் தெளித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் பக்கத்து இடத்தில் கைப்பை உட்கார்ந்திருந்தது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. என்ன தப்பு செய்தேன், எதை உடைத்தேன் என்று மூளையைக் கசக்கி, மன்னிப்புக்கூடக் கேட்டேன். "சே சே, நீ என்னா பண்ணுவ பாவம்" என்றார். அது எவ்வளவு பெரிய உண்மை என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பசியாறியாச்சா என்று ஆரம்பித்தவர், ஊர்ப்பெயரைக் கேட்டதும் குரலை உயர்த்திவிட்டார்.

"உன்ன யாரு அங்க போகச் சொன்னது?" என்றார்.

"ஏம்பா, நம்ம ஊருதானே?"

"அந்த முனைக்குப் பயந்துதான் உன் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறினாரு. நீ என்னாடான்னா ஏரோப்ளேன் ஏறிப் போய் அங்கேயே நின்னுட்டு வந்திருக்க."

பிறகு சொன்னார். சாதி என்ற சொல்லை அப்பா வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாங்கள் எந்தச் சாதி என்று சொன்னபோது, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வேதத்தில் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகியும், ஊரில் கோயிலுக்குள் தனி வரிசை, செத்தால் தனிக் கல்லறை, திருவிழா என்றால் தேர் முனையோடு திரும்பும் என்று கொள்ளுத்தாத்தா சொல்லியிருக்கிறாராம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மதாம்மேல் வந்ததைவிட அப்பாமேல் அதிகம் வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால், மேசைமேல் படம் வரைந்திருப்பேனா? "சொன்னா உன் மனசு கெட்டுப்போயிடும்னு இருந்தேன்மா" என்றார். கடைசியில், "வாய மூடிக்கிட்டு அங்கேயே இரு. பரீட்சை முடியட்டும். வேற வீடு எவன் குடுப்பான்?" என்றார். அது நியாயம்தான். இறுதித் தேர்வுக்கு இன்னும் நான்கைந்து மாதங்கள் இருந்தன.

போனை வைத்த பிறகு அக்காவின் கல்யாணப் பேச்சு ஞாபகம் வந்தது. கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கறிபாப் தின்றுகொண்டே, "ஊருல நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. அப்பா கண்ணை இமைக்காமல், "தஞ்சாவூர்ப் பக்கம்" என்றார். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. தஞ்சாவூர் என்று ஒரு சொல்லை அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மா சட்டென்று எழுந்து டீ ஊற்றப் போனார். நம் நாட்டில் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்று மேலே எழுதினேன் இல்லையா? அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிற நீங்களும் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பீர்கள், மீதிப் பேருக்கு என் அப்பாவைப்போல் ஒரு தஞ்சாவூர் இருக்கும்.

அப்பா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மின்சார அடுப்பில் மேகி கிண்டி, குடத்துத் தண்ணீரைக் குடித்து, இரவும் பகலும் படித்தேன். இடையில் மதாமுக்குப் பல்செட் மறுபடி உரச ஆரம்பித்தது. ஒரு பக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல என் அறை வாசலுக்கு வந்தார். பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் சந்தோஷமாகிவிட்டது. வாங்க ஆன்ட்டி, நாளைக்கே கூட்டிப்போகிறேன் என்று எழுந்தேன். "அதில்லம்மா. உங்க காலேஜுல வேற டாக்டர் யாரையாவது சொல்லி வையேன். நீ படிக்கிற புள்ள, உன்ன எதுக்குத் தொல்லை பண்ணணும்" என்றார். ஈறு வீங்கி, பேச்சே குழறியது. அந்த வலியிலும் அவர் தன் வாயைக் காப்பாற்றிக்கொண்டார்.

எல்லாம் உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பாவுக்கு எதுவும் தெரியாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று, நாட்டுக்கோழிக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. மதாம் கதவைத் திறந்தார். நான் சந்துப் பக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலும் கீழும் ஒரு பார்வை. "அவ பின்னாடி ரூம்புல இருக்கா. அப்படியே சந்து வழியா சுத்திப் போங்க" என்றார் சிரித்த முகமாக. அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. முகம்கூட மாறவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குப்பைவாளி இருக்கும் சந்துக்குள் திரும்பிவிட்டார்கள். அதுதான் என்னைக் கொன்றது. முன்பின் பார்த்திராத வீட்டிலும் எந்த வழி தங்களுக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஓடிப்போய்ச் சந்திலிருந்து இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து, முன்வாசல் வழியாகக் கூடத்துக்குள் அழைத்துப்போய், சொல்தா படத்துக்குக் கீழே போட்டிருந்த சோபாவில் உட்காருங்கள் என்றேன். "வேணாம்மா, உனக்குத்தான் கஷ்டம். நாங்க குடுத்துட்டுப் போறோம்" என்று பெரியம்மா என் துப்பட்டாவைப் பிடித்துக் கெஞ்சினார். நான் விடவில்லை. பெரியப்பா சோபாவின் நுனியில், பாதி உடம்பு காற்றில் நிற்க, உட்கார்ந்தார். பெரியம்மா உட்காரவே இல்லை. மதாம் உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்துவந்தார். ஆமாம், காப்பி! மரியாதை தெரிந்தவர் என்று சொன்னேன் அல்லவா? தனக்கும் எனக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், அவர்கள் இருவருக்கும் காகிதக் கப்புகள். "கோப்பையெல்லாம் கழுவாம கெடக்கு, தப்பா நெனைக்காதீங்க" என்றார். பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியில் ஒரு டஜன் கோப்பைகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. பெரியப்பா மடமடவென்று குடித்தார். குடித்துவிட்டு, காகிதக் கப்பை நான்காக மடித்துத் தன் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் தன் எச்சிலை விட்டுப்போகக் கூடாதாம். பையில் காப்பிக் கறை ஊறிப் பரவியதை நான் பார்த்தேன், மதாமும் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு மதாம் என்னைக் கூப்பிட்டார். "எம் பையன் பிரான்சுலருந்து வர்றான். இந்த மாசக் கடைசில ரூம்பு வேணும். போலீசுல நானே சொல்லிட்றேன், நீ அலைய வேணாம்" என்றார். வராத மகன் வருகிறானாம்! பரீட்சை வரைக்குமாவது விடுங்கள் ஆன்ட்டி என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்துவிட்டது.

"உங்க வாய்க்குள்ள கைய வெச்சு வைத்தியம் பாத்தவ நான் ஆன்ட்டி. அப்ப என் கை கசக்கலையா?"

அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "அது வைத்தியம்மா. வைத்தியம் வேற, வீடு வேற." பிறகு என் தலையில் சிலுவை போட்டு, "நல்லா எழுது. உனக்காக வேண்டிக்கிறேன்" என்றார். உண்மையாகவே வேண்டிக்கொண்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபடி தெருத் தெருவாக அலைந்தேன். கருவடிக்குப்பம் வரை போய்ப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் அதே கேள்வி, சொந்த ஊரு? இப்போது எனக்குக் கேள்வி புரிந்தது, அதனால் நாக்கு ஒட்டிக்கொண்டது. தஞ்சாவூர்ப் பக்கம் என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "தஞ்சாவூர்ல எங்க?" என்று உடனே கேட்டார் அந்த அம்மாள். அப்பாவுக்கு இருந்த சாமர்த்தியம் எனக்கு இல்லை, தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். கோலாலம்பூரில் இந்தியன் என்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டார்கள். இங்கே எந்த இந்தியன் என்று தெரியும்வரை காப்பி கொடுத்து உட்காரவைக்கிறார்கள். கடைசியில் பெரியப்பாதான் வந்து பெட்டியைத் தூக்கினார். "நம்ம வூடு இருக்கும்போது நீ எதுக்கும்மா ரோடு ரோடா அலையிற?" என்றார். கூலி வேலையை விட்டுவிட்டு, போலீஸ் பதிவுக்காக என்னோடு நாலு நாள் அலைந்து, அதையும் முடித்துக்கொடுத்தார்.

அங்கேயிருந்து தினம் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய்த்தான் இறுதித் தேர்வு எழுதினேன். இருந்த ஒரே மின்விசிறியை என் தலைக்கு மேல் மாட்டிவிட்டு அவர்கள் வாசலில் படுத்தார்கள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர்கள் சாப்பிட உட்காருவார்கள். தட்டைக் கழுவ எடுத்தால் பெரியம்மா பிடுங்கிக்கொள்வார். எனக்கென்று கடையில் தண்ணீர் கேன், எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர்! புத்தம்புதிய எவர்சில்வர், என் பெயர்கூட வெட்டியிருந்தது. அன்பால்தான் செய்தார்கள், தெரியும். ஆனாலும் அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் மதாம் வீட்டுக் குடம்தான் ஞாபகம் வந்தது. நாம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் பெரியம்மா என்று ஒருநாள் அழுதேவிட்டேன். "நீ வெளிநாட்டுலருந்து வந்த புள்ள, உனக்கு எங்களோட ஒத்துக்குமா?" என்றார். தெருப் பிள்ளைகள் என்னை மலேசியாக்கா என்று கூப்பிட்டார்கள். மலேசியாக்காவுக்கு அந்தத் தெருவில் எல்லா மரியாதையும் உண்டு, பாயில் சேர்ந்து உட்கார மட்டும் விடமாட்டார்கள்.

தேர்வு முடிவு வந்தது, தேறிவிட்டேன். பெரியம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பையன் போனில் ஒரு படம் எடுத்தான். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எல்லோரும் சுற்றி நின்றார்கள். பெரியப்பா பின்னால் நின்று என் தோளில் கைவைத்திருந்தார். அந்த வீட்டில் அவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார், குரல் கரகரத்தது. "சவரி அண்ணன் அப்படியே எங்கப்பா மாதிரி இருக்காரும்மா. அதே நிப்பு, அதே மூக்கு" என்று விம்மினார். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்தப் படத்தக் குடும்பக் குரூப்புல போட்டுடாதே. அக்காவோட மாமியாரு அதுல இருக்காங்க. நீ மட்டும் இருக்கிற மாதிரி ஒண்ணு போடு, அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.

போனை வைத்ததும் பெரியப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்பா படத்தப் பாத்தாரா? என்னா சொன்னாரு?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாரு பெரியப்பா. அங்க எல்லாருக்கும் காட்டப் போறாராம்."

"எல்லாருக்குமா!" என்று சொல்லிவிட்டு, அதைத் தெருவுக்குச் சொல்ல வேகமாகப் போனார்.

அக்காவுக்கு இரண்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். நான் படத்தை வெட்ட ஆரம்பித்தேன். பெரியம்மாவை வெட்டினேன், பிள்ளைகளை வெட்டினேன், பின்னால் நின்ற பெரியப்பாவைத் தலையிலிருந்து இடுப்புவரை வெட்டினேன். என் தோள்மேல் இருந்த கையை மட்டும் என்ன செய்தும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் என் கழுத்தும் சேர்ந்து போகிறது. சிமெண்ட்டில் ஊறி வெடித்த கை, நகக்கண்ணில் சுண்ணாம்பு. அப்படியே குரூப்பில் போட்டேன். வாழ்த்துகள் வந்து குவிந்தன, கேக் படம், பூ படம், கைதட்டும் படம். நடுவில் அக்காவின் மாமியார் எழுதியிருந்தார்: "வாழ்த்துக்கள் டாக்டர் ஜெசிந்தா. தோள் மேல யாரு கையி அது?"

இன்னும் பதில் போடவில்லை. வாசலில் பெரியப்பா யாரிடமோ, "மலேசியா பூரா நம்ம படம் போவுது" என்று சொல்வது கேட்கிறது.